நல்ல நோயாளி

அந்த நாலைந்து மாதத்தில் நான் பல தடவை கர்ப்பிணியாக இருந்திருக்கிறேன். கை ஒடிந்த பந்தாட்டக்காரனாக, தூக்கம் வராத ஆசிரியையாக, சிகரெட்டை விட முடியாத லாரி டிரைவராகவும் இருந்திருக்கிறேன். எல்லாம் காலை ஆறு மணிக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். எதிர் நாற்காலியில் என் மகள் நர்சாக உட்கார்ந்திருப்பாள். நான் அட்டையைப் பார்த்து நோயாளியானவன். அவள் படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வழியாகக் கேள்வி கேட்டு அவளை வேலைக்கு எடுத்திருந்தது. போவதற்கு முன்னால் நர்சுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நான்கு பகுதி. மூன்றில் முதல் தடவையே தேறிவிட்டாள். பேசுவதில் மட்டும் ஒரு படி குறைந்தது. இரண்டாம் தடவையும் அதே ஒரு படி. இன்னும் ஒரு தேர்வு வரைக்கும் பொறுப்பதாக அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அதிலும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அவள் சென்னை வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தாள்.

பேச்சுத் தேர்வு என்பது ஒரு சின்ன நாடகம். நர்சுக்கு ஒரு அட்டை, நோயாளிக்கு ஒரு அட்டை. ஒருவர் அட்டையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தேர்வில் நோயாளியாக வருகிறவர் தேர்வு நடத்துகிறவர்கள் அமர்த்திய ஆள். வீட்டில் அந்த இடத்துக்கு நான்தான் இருந்தேன். அவளோடு சென்னைப் பயிற்சி வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் தேறி விமானம் ஏறிவிட்டார்கள். அவள் அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

நான் திருவட்டாறு பக்கம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மார்த்தாண்டத்தில் ஒரு பெயின்ட் கடையில் வேலை. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நிறங்களின் பெயர்கள். அட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மகள் முந்தின நாளே வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதித் தருவாள். 'பிரெக்னன்ட்' என்பதற்கு மேலே அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தங்கை தேங்காய் துருவி கேட்டு வந்தவள், நான் அதைச் சத்தமாக வாசிப்பதைச் சன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள்.

"எண்ணே, எத்தன மாசமாக்கும்?"

அட்டையைப் பார்த்து, "ஏழு," என்றேன்.

"அப்ப பலகாரம் சுட்டுக் கொண்டுவரணுமே. மாப்பிள ஆருன்னு நான் கேக்கல்ல, கேட்டியா."

"மாமி, ரெண்டு நிமிசம் சும்ம இருங்க. டைமர் ஓடுது," என்றாள் மகள்.

தங்கை துருவியை எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு ஊர் வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள்.

மகளுக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. தான் தோற்றது சத்தத்தால் என்று நினைத்தாள். வார்த்தை தெரியும், இலக்கணம் தெரியும், நர்ஸ் வேலை தெரியும். பிறகு எதற்கு ஒரு படி குறைய வேண்டும்? நம்முடைய இழுப்புதான் காரணம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒரு தூக்குத் தூக்கி இறக்குவோம். நமக்கு அது கேட்காது. மற்றவர்களுக்குப் பாட்டுப் போல இருக்கும். அந்தத் தூக்கு ஆங்கிலத்திலும் வருகிறது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அதனால் ஃபோனில் ஒரு இங்கிலாந்துப் பெண்மணியின் வீடியோக்களைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் ஒரு வாக்கியம் சொல்வாள். மகள் நிறுத்திவிட்டு அதைச் சொல்வாள். பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்பாள். மறுபடியும் சொல்வாள். நான் கடைக்குக் கிளம்பும்போது நடக்கும், திரும்பி வரும்போதும் நடந்துகொண்டிருக்கும். ஒரே வாக்கியம். அந்த நாட்களில் எனக்கு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டேன். கடையில் டப்பாவைத் திற என்றால் திறந்தேன்.

ஆனால் அவள் செய்வது எனக்குப் புரியாமல் இல்லை. இருபத்திரண்டு வயதில் நான் சென்னையில் ஒரு பெயின்ட் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். முதல் நாள் வாய் திறந்ததும், "இன்னாபா, சேட்டனா?" என்று கேட்டார்கள். மலையாளி இல்லை, தமிழ்தான் என்றேன். அதைச் சொன்ன விதத்துக்கும் சிரித்தார்கள். அதன் பிறகு கடை முழுக்க நான் சேட்டன். மதிய சாப்பாட்டு நேரத்தில், "சேட்டா, ஒருக்கா பேசிக் காட்டு," என்பார்கள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தலையாட்டினால் முடிகிற இடத்தில் தலையாட்டினேன். இரண்டாம் வருடம் அவர்கள் மாதிரியே பேச வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் இருபது லிட்டர் டப்பா கால் பெருவிரலில் விழுந்தது. அந்த நேரம் வாயிலிருந்து வந்தது முழுக்க எங்கள் ஊர். கடையே சிரித்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் தலையாட்டுகிற பழக்கம் என்னை விடவில்லை.

பெயின்ட் கடையில் டச்சப் என்று ஒன்று உண்டு. சுவரில் ஒரு இடத்தில் கீறல் விழுந்திருக்கும். அதே நம்பர் நிறம் வேண்டும் என்று வருவார்கள். மெஷின் அதே நம்பரைத்தான் கலக்கித் தரும். அடித்துக் காய்ந்ததும் அந்த இடம் தனியாகத் தெரியும். சுவர் நாலு வருட வெயிலைப் பார்த்தது, டப்பா பார்க்கவில்லை. இதைச் சொல்லி வாடிக்கையாளரை அனுப்புவது என் வேலையில் ஒன்று. மகளிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்த பிறகு அவள் ஃபோனை என் பக்கம் தள்ளினாள்.

"அப்பா, கண்ண மூடிட்டுக் கேளுங்க. ஒண்ணு நான், ஒண்ணு அவங்க. எது எதுன்னு சொல்லணும்."

இரண்டு தடவை கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு, "முதல்ல உள்ளது நீ," என்றேன்.

"இல்ல. ரெண்டாவதாக்கும் நான்." அவள் முகம் மலர்ந்தது. அவள் அம்மா போன பிறகு அப்படி ஒரு முகத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு வாக்கியத்துக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அவள் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து, நாடகத்தைத் தொடங்கலாம் என்றாள். அட்டையில் இருந்து முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். வாக்கியத்தின் கடைசியில் எங்கள் ஊர்த் தூக்கு அப்படியே இருந்தது. நான் அட்டையைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்த பிறகு மார்த்தாண்டத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் வீட்டில் நடத்தும் நாடகத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். ஆறு பதிவு அனுப்பினாள். ஒரு நாள் மாலை மேடம் கூப்பிட்டார். மகள் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மோளே, ஒன் சவுண்டு இருக்கட்டும். எனக்கு ஒன் பேஷன்ட்டப் பத்திக் கேக்கணும். அது யாராக்கும்?"

"அப்பாவாக்கும் மேடம்."

"பக்கத்துல உண்டா?"

"உண்டு."

"சார், தப்பா எடுக்கப்பிடாது. நீங்க ரொம்ப நல்ல பேஷன்ட். அவ வாயத் தெறக்கதுக்கு முன்ன ஓகே சிஸ்டர், தேங்க் யூ சிஸ்டர்னு சொல்லியாச்சு. ஆறும் கேட்டேன். எல்லாம் ரெண்டு நிமிசத்துல முடிஞ்சு போவுது. பாக்கி மூணு நிமிசம் என்ன செய்யுதீங்க?"

"சாயா குடிப்போம்," என்றேன். உண்மைதான். சீக்கிரம் முடிந்தால் நன்றாகச் செய்ததாக நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

மேடம் சிரித்தார். பிறகு மகளிடம் பேசினார். "இஞ்ச நர்சுகிட்ட யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாவ. நம்மளும் ஒண்ணுமில்ல, செரியாப் போவும்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருவோம். அங்க அது நடக்காது. பரீச்சைக்கு வாற ஆளு பயமா இருக்குன்னு சொல்லும். நீ டோன்ட் வொரின்னு சொல்லுவ. அது திரும்பவும் பயமா இருக்குன்னு சொல்லும். நீ திரும்பவும் டோன்ட் வொரி. அங்கதான் ஒனக்கு மார்க்கு போவுது."

"அப்ப என் ஆக்சென்ட், மேடம்?"

"அத விடு. மார்த்தாண்டத்துக்காரி பேசுனா மார்த்தாண்டத்துக்காரி பேசுனது மாதிரித்தான் இருக்கும். நான் இருவது வருசமா சொல்லிக் குடுக்கேன், எனக்கு மாறிச்சா? அவியளுக்கு வெளங்குனாப் போதும். நீ ஒன் அப்பாவ நல்லாக் கேள்வி கேக்க வை. அதாக்கும் இப்ப வேண்டியது."

ஃபோனை வைத்த பிறகு மகள் கொஞ்ச நேரம் அந்த வீடியோ அம்மாளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் வாசல் லைட்டைப் போட்டேன். இரண்டு தேர்வுக்கும் முன்னால் அவள் சென்னையில் தோழிகளோடு பழகியிருந்தாள். அவர்களும் என்னைப் போல ஓகே சிஸ்டர் சொல்கிறவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் தேர்வுக்குப் பழகிய மூன்று மாதத்தைப் பாழாக்கியது நான்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் தொடங்கினோம். எனக்கு முதுகு வலி. அவள் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். நான் "ஓகே சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பா, கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"ஒங்களுக்குத் தெரியாதது எதையாவது."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதே மக்கா."

"அப்ப அதக் கேளுங்க."

கேட்க வரவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. மகள் நான் கேட்க வேண்டிய கேள்விகளையும் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். எழுதியதை வாசித்தேன். அவளுக்கு என்ன கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் அதில் பயன் இல்லை. "கேட்டா வைவாங்களோன்னு பயமா?" என்று ஒரு நாள் கேட்டாள். அப்படி ஒரு பயம் இல்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்டவர் எதிரில் நின்றால் என் தலை தானாக ஆடும். மேசைக்கு எதிரில் மகள்தான் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதும் ஆடியது.

அவள் அம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மஞ்சள் காமாலை என்று சேர்த்தோம். எல்லாரும் நன்றாகத்தான் கவனித்தார்கள், யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் மகள் வயதில் ஒரு நர்ஸ் பெண் இருந்தது. தினமும் காலையில் டிரிப்ஸ் மாற்றிவிட்டு, "ஒண்ணுமில்ல, செரியாப் போவும்," என்று சொல்லும். நான் "செரி சிஸ்டர்" என்பேன். வராந்தாவுக்கு வந்து சென்னைக்கு ஃபோன் செய்வேன். "ஒண்ணுமில்ல மக்கா, செரியாப் போவும். நீ லீவு போட்டு அலைய வேண்டாம்."

ஏழாம் நாள் ஐசியூவுக்கு மாற்றினார்கள். எதற்கு என்று மகள் கேட்டாள். "சும்ம பாக்கத்தானாம்," என்றேன். அவள் நர்ஸ். இரத்தப் பரிசோதனைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சிஸ்டரிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னாள். சிஸ்டர் வேலையாக இருக்கிறது என்றேன். வேலையாக இருந்தது உண்மை. ஒரு நிமிடம் கேட்டிருந்தால் பேசியிருக்கும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினோராம் நாள் காலையில் மகள் ரயிலில் வந்து நாகர்கோவிலில் இறங்கினாள். என் தங்கை அவளை ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. நேராக வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அதைப் பற்றி மகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் அவள் சென்னைக்குப் போனாள், நான் கடைக்குப் போனேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலை, அவள் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தாள். அதில் நான் நோயாளி இல்லை, நோயாளிக்கு உறவினர். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. எப்போது வீட்டுக்கு வருவாள் என்று நர்சிடம் கேட்க வேண்டும். முந்தின நாள் நாங்கள் எடுத்து வைத்த அட்டை இல்லை, பென்சில் எழுத்தும் அதில் இல்லை. அவள் வாசித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"இது வேண்டாம்ப்பா. வேற எடுக்கட்டா?"

"இருக்கட்டும்," என்றேன்.

டைமரையும் பதிவையும் போட்டாள். தான் இந்த வார்டு நர்ஸ் என்று ஆங்கிலத்தில் தொடங்கி, உங்களுக்கு நான் எப்படி உதவலாம் என்று கேட்டாள்.

"வென் மை வைஃப் கம் ஹோம்?" என்றேன்.

வழக்கமாக அவள் டோன்ட் வொரி சொல்கிற இடம் அது. சொல்லவில்லை. உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டாள். மேடம் சொல்லிக் கொடுத்திருந்த கேள்வி அது.

"நத்திங். எவ்ரி டே, நத்திங், நத்திங். ஐ சே ஓகே சிஸ்டர்."

நீங்கள் என்ன கேட்க நினைத்தீர்கள் என்றாள்.

அட்டையில் ஆபரேஷன் என்று இருந்தது. எனக்கு அது மறந்துவிட்டது. "ஐஸ் எல்லோ," என்றேன். "எவ்ரி டே மோர் எல்லோ. ஐ வொர்க் பெயின்ட் ஷாப். ஐ நோ கலர்." அந்த மஞ்சள் ஒவ்வொரு நாளும் ஒரு ஷேடு கூடியதை நான் பார்த்தேன். ஷேட் கார்டைக் கையில் தந்திருந்தால் இன்று இது, நேற்று இது என்று கட்டத்தைத் தொட்டுக் காட்டியிருப்பேன். சரியாகி வருகிற நிறம் இல்லை அது. இவ்வளவையும் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை. "ஐ சீ. ஐ நாட் ஆஸ்க்," என்றேன்.

அவள் குறிப்பெடுக்கும் பேனாவை மேசையில் வைத்தாள். வீட்டில் உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அதுவும் மேடம் சொன்ன கேள்விதான்.

"டாட்டர். நர்ஸ். சென்னை. ஷீ ஆஸ்க், ஐ கம், ஐ கம். ஐ டோல்ட் டோன்ட் கம்."

கேள்வி கேட்டால் பதில் வரும் வரை பொறுத்திருக்க வேண்டும், பதில் வந்த பிறகும் உடனே பேசக் கூடாது, மனதில் மூன்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அவள் மூன்றுக்கு மேலும் எண்ணியிருப்பாள். ரோட்டில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

"தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ," என்றாள்.

அதைச் சொன்னது நர்சா மகளா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வார்த்தையைத் தூக்கி இறக்கினாள். மூன்று வாரம் பழகிய அந்த ஒரு வாக்கியத்தின் சாயல்கூட அதில் இல்லை. டைமர் அடித்தது.

"அஞ்சு நிமிசம் ஆயிட்டு," என்று அவள் அணைத்தாள். எழுந்து போய் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். நான் குளித்துவிட்டுக் கடைக்குப் போனேன். அன்று முழுக்க மெஷின் கலக்கிய ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு தடவை திறந்து பார்த்தேன். வேறு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பதிவை அவள் மேடத்துக்கு அனுப்பினாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. மேடம் பதிலுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். "குட். பேஷன்ட் தேறிட்டார்."

அதற்குப் பிறகு எனக்குக் கேட்க வந்தது. பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. ஒய் சிஸ்டர், ஹௌ மெனி டேஸ் சிஸ்டர், இஃப் நாட் சிஸ்டர் என்று கேட்டேன். வீடியோ அம்மாளை அவள் மறுபடியும் போடவில்லை.

தேர்வு திருவனந்தபுரத்தில். மாநில எல்லையில், களியக்காவிளையில் இறங்கி கேரள பஸ் மாறினோம். நான் மலையாளத்தில் இரண்டு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் தமிழில், "ரெண்டு பேருக்கா?" என்றார்.

"ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சிட்டாரே," என்றாள் மகள்.

"சென்னையில என்ன மலையாளத்தான்னு சொன்னானுவ."

"அப்ப நீங்க எந்த ஊருதான்?"

"களியக்காவிளன்னு வச்சுக்க," என்றேன். அவள் சிரித்தாள். நோட்டைத் திறந்தவள் மறுபடியும் மூடி வைத்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, பின்னால் வந்தவள் என்னை நிறுத்தினாள். என் வலது கால் செருப்பு பத்தடி பின்னால் ரோட்டில் கிடந்தது. எடுத்து வந்து காலருகில் போட்டாள்.

"கழண்டது தெரியல்லியா?"

"வார் லூசாக்கும். ஒண்ணுமில்ல."

அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கட்டடத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வந்தாள்.

"என்ன வந்துது?"

"ஒரு அம்மா. கால்ல ஆபரேசன். வீட்டுக்குப் போவப் பயம். பயமா இருக்குன்னு நாலு தடவ சொன்னாவ."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல்ல. எதப் பாத்துப் பயம்ன்னு கேட்டேன். அவிய சொன்னாவ. ராத்திரி கக்கூசுக்கு எந்திச்சுப் போவ ஆளில்லன்னு. அதுக்கு என்ன செய்யலாம்ன்னு பேசுனோம். டைம் ஆயிட்டு."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நான் கடையில் இருந்தேன். ஃபோனில், "அப்பா, கெடச்சிட்டு," என்றாள். "செரி," என்றேன். கடைக்காரர் என்ன என்று கேட்டார். மகள் பாஸ் என்றேன். எல்லாருக்கும் சாயா வாங்கி வரச் சொன்னார். இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். விமான நிலையத்தில் என் தங்கை அழுதாள். நான் பெட்டிகளின் எடைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்நிய மொழியைப் படித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே பேச முடியுமா என்று எங்கள் கடைக்கு வரும் ஒருவர் கேட்டார். பையனை ஆங்கில வகுப்பில் சேர்க்கப் போகிறாராம். மகள் வெளிநாட்டில் இருப்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்தார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று வாரம் ஆகும் என்று சொன்னேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

மகளிடம் இதைக் கேட்டதுண்டு. "அவியள மாதிரிப் பேச வந்திட்டா?"

"இல்லப்பா. வாயத் தெறந்தா ஒடனே நீ எந்த ஊருன்னு கேக்காவ."

"கஷ்டமா இருக்கா?"

"அப்பப்ப இருக்கும். ஒரு தாத்தா மட்டும், நீ பேசுனா பாட்டு மாதிரி இருக்குன்னு சொல்லுவாரு. நல்லதுக்குச் சொல்லுதாரா கேலியான்னு தெரியாது. நான் அவருக்கு மருந்து குடுத்திட்டுப் போவேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது டியூட்டி இடைவேளையில் இருந்தாள். பின்னால் யாரோ கூப்பிட, ஃபோனை நகர்த்தி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் கேட்டேன். இங்கே மேசையில் கேட்டதைவிட வேகம் கூடியிருந்தது. கடைசி வார்த்தையில் தூக்கு இருந்தது.

திரும்பி வந்து, "ஒங்களுக்கு எப்பிடி இருக்குப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மக்கா."

அவள் பதில் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. மூன்று தாண்டியிருக்கும், ஐந்தும் தாண்டியிருக்கும்.

"வலது காலு," என்றேன். "பாதத்துல தொட்டாத் தெரியல்ல. ஒரு வருசமா உண்டு. போன வாரம் டப்பா விழுந்துது. ரத்தம் வந்த பெறகுதான் பாத்தேன்."

"காயம் இப்ப எப்பிடி இருக்கு?"

"காயல்ல."

"சுகர் எப்ப பாத்தீங்க?"

"பாக்கல்ல."

"செருப்பக் கழத்துங்க," என்றாள். "வீடியோவப் போடுங்க. வெளிச்சத்துல காட்டுங்க."

நான் நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி வைத்தேன்.